பூஜையன்று அணைக்காத கம்ப்யூட்டர்

நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் பாஸ்வேர்டை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெங்களூருக்குச் சொன்னது நீங்கள். சொல்லும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

படிப்பவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஒரு கிரானைட் கம்பெனியின் கிளையில் நான் ஆபரேட்டர். பொய் சொன்ன இவர்தான் அங்கே மேனேஜர். தலைமை அலுவலகம் பெங்களூரில். அங்கே ஒரு பெரிய மெஷின் இருந்தது. எல்லாக் கிளைகளுக்கும் வரும் செய்திகள் அதற்குள் தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கும். எங்கள் கம்ப்யூட்டர் மோடம் வழியாகப் போன் போட்டு, கிளையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, பெட்டியைத் திறக்கும். திரையில் மெனுவை விட்டுவிட்டால் மணிக்கொரு தரம் அதுவே போன் போடும். பாஸ்வேர்டு அந்த மெனு புரோகிராமுக்குள்ளேயே பதிந்திருந்தது. வேண்டுமானால் நாமே கையால் அடித்தும் உள்ளே போகலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நான் ஏரியூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஊரில் அப்பாவுக்குக் கடலைக்காட்டு வேலை. நான் இல்லாத நேரத்தில் இவர் பெங்களூர் இன்ஜினியருக்குப் போன் செய்து, புது வியாபாரத்துக்குப் புதுப் பாஸ்வேர்டு வேண்டும் என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். அங்கே மாற்றிவிட்டார்கள். இங்கே புரோகிராமுக்குள் பழையதே இருந்தது.

அதோடு விட்டாரா? கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டபோது, அணைக்கக் கூடாது என்றார். விளக்கு எரிகிற மாதிரி திரையும் எரிய வேண்டுமாம். பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை யாரும் தொடக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே கம்ப்யூட்டர் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் பெங்களூர் கதவை முட்டிக்கொண்டே இருந்தது. தோற்றால் உடனே இன்னும் சில தடவை முட்டும். இப்படி முட்டினால் அந்தப் பெரிய மெஷின், யாரோ திருடன் என்று எண்ணிப் பெட்டியையே பூட்டிவிடும்.

பூஜைக்கு மறுநாள் நான் வந்தபோது மறுபூஜை முடிந்து கற்பூர வாசனை போகவில்லை. புதுப் பாஸ்வேர்டை இவரே வாயால் சொன்னார். அடித்தேன். ஏற்கவில்லை. பழையதையும் அடித்தேன். அதற்கும் அதே பதில். பெட்டி பூட்டியிருந்தாலும் பாஸ்வேர்டு தப்பு என்றுதான் திரையில் வரும், வேறு வார்த்தை வராது.

கணக்குப் பார்க்கும் பாய் எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா, பொங்கலு வைக்கலன்னு கோவிச்சுக்கிச்சா?”

“சும்மா இருங்க பாய். எனக்கே பயமா இருக்குது.”

பயம் எதற்கென்றால், ஜப்பான்காரர் ஒருவர் எங்கள் கறுப்புக் கல்லுக்கு விலை கேட்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். என்ன அளவு, எத்தனை கல் என்ற விவரம் பெட்டிக்குள் இருந்தது.

போன் லைன் சரியா என்று பார்த்தேன். சரி. மோடம் சரி. ஓசூர் கிளையைக் கூப்பிட்டு, அவர்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர்களிடமே கேட்டு வாங்கி, எங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே போட்டேன். உள்ளே போனது. அப்படியென்றால் கோளாறு லைனிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை, எங்கள் பெட்டி ஒன்றில்தான். பெங்களூர் இன்ஜினியரைப் பிடிக்கவே மதியமாகிவிட்டது. “உங்க பெட்டி பூட்டிக்கிட்டிருக்கு, திறந்துட்டேன், உடனே போங்க” என்றார்.

நான் நாற்காலியை இழுத்தேன். இவர் தடுத்தார்.

“ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. முடியட்டும்.”

“சார், சாயங்காலம் வரைக்கும்தான் கெடுவுங்க.”

“தெரியும்மா. நல்ல சேதிய கெட்ட நேரத்துல தொறக்கக் கூடாது. அந்தால நில்லு.”

நின்றேன். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே மோடம் கீச்சென்று கத்தியது. ஒரு தரம். மறுபடி. மறுபடி. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“சார், பழைய பாஸ்வேர்டு இதுக்குள்ளயே இருக்குது. ராத்திரி பூரா இதுதான் அடிச்சிருக்குதுங்க. இப்ப மறுபடியும் பூட்டிருக்கும் பாருங்க.”

இவர் மோடத்தைப் பார்த்தார். மாலை போட்ட திரையைப் பார்த்தார். “நான் அணைக்க வேணாம்னதாலயா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

புரோகிராமுக்குள் புதுப் பாஸ்வேர்டைப் பதிந்தேன். இன்ஜினியரை மறுபடி பிடித்துப் பெட்டியைத் திறக்க வைத்தபோது இருட்டிவிட்டது. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தது.

பெங்களூரில் யார் காரணம் என்று கேட்டார்கள். இவர் சொன்ன பதிலை அங்கிருந்து வந்த ஆபீசர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் பாஸ்வேர்டைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டேனாம். அவர்கள் நுழையப் பார்த்ததில்தான் பெட்டி பூட்டியதாம். சாட்சி என்ன தெரியுமா? ஓசூர் பாஸ்வேர்டுகூட எனக்குத் தெரியும் என்பது. கோளாறைக் கண்டுபிடிக்க நான் செய்ததையே இவர் எடுத்து என் கழுத்தில் மாட்டியிருந்தார். ஆபீசர் சொல்லச் சொல்ல இவர் அருகிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பாய் மட்டும் எழுந்து, “அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லீங்க” என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டரே பழைய பாஸ்வேர்டை அடித்ததுதான் காரணம் என்று நான் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனபோது அப்பா மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“நெசமாவே குடுத்தியா?”

இல்லை என்றேன். சரி என்றார். நம்பினாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர் நீங்கள். வேலையைவிட எனக்கு அதுதான் பெரிது.

இப்போது நீங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அடுத்த மேடையில் மைக் உங்கள் கைக்கு வரும்போது பதில் சொல்லுங்கள். யாரும் தொடாமல் மோடம் கத்தியதே, அப்போது உங்களுக்கு விளங்கியதா இல்லையா? தனியாக ஆள் அனுப்ப வேண்டாம், போன் செய்ய வேண்டாம். ஊர் கேட்கச் சொல்லுங்கள்.