பக்கம் விழுங்கிய எழுத்து

என் அண்ணனை அவன் அலுவலகத்தில் 'ட்விப்' என்று கூப்பிடுவார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரத்து நானூற்று நாற்பது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுக்குப் பெயர் ட்விப். காகிதத்தில் எழுத்து எங்கே விழ வேண்டும் என்பதை அந்தக் கணக்கில்தான் கணினிக்குச் சொல்ல வேண்டுமாம். அவன் ஒரு நாள் ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போய், கடைக்காரரிடமே ட்விப்பில் அளவு சொல்லிவிட்டு வந்தவன். பெயர் ஒட்டிக்கொண்டது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் அந்த அலுவலகம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். மற்றவர்கள் திரையில் வருகிற வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள, அச்சு சம்பந்தப்பட்டது மட்டும் இவன் தலையில் விழும். திரையில் அழகாகத் தெரிவது காகிதத்தில் கோணிக்கொண்டு வரும். அதை நிமிர்த்துவது யாருக்கும் பிடிக்காத வேலை. இவனுக்கு மட்டும் அதில் அப்படி என்ன ஆசையோ.

அந்த ஆசையில்தான் கல்யாணமான புதிதில் அண்ணிக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தான். அண்ணி மொழிபெயர்ப்பாளர். மூல வரி கறுப்பில், தமிழ் வரி நீலத்தில், சந்தேகமான சொல் சிவப்பில், தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. வண்ணமும் தடிமனும் தாங்குகிற ரிச் டெக்ஸ்ட் எழுத்துப் பெட்டி ஒன்றைத் திரையில் வைத்து, கீழே 'அச்சிடு' என்று ஒரு பொத்தான் வைத்தான். ஊரில் இல்லாத மென்பொருளா என்று நான் கேலி செய்தேன். அண்ணி வேறு எதிலும் தட்டச்சு செய்ய மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு அண்ணிக்கு வேறு நகரத்தில் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. கூட வாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. போகாதே என்று இவனும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு விஷயம் இருந்திருக்கும். இரண்டு மௌனங்களுக்கு நடுவில் அவர் பெட்டி கட்டி ரயிலேறினார், வருடங்களும் ஓடிவிட்டன. அவருடைய காலணி அடுக்கு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இவன் தன்னுடையதைத் தரையில் போடுகிறான்.

ஆனால் தொலைபேசி வரும். அண்ணிதான் கூப்பிடுவார். இங்கே ஒற்றைப் பக்கங்களாக அச்சிட்டு வந்தவர், அங்கே புத்தகமாக அச்சிடும்போது இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் தன் முதல் எழுத்தை விழுங்கிவிடுகிறது என்பார். 'வீடு' என்று தொடங்கும் பக்கத்தில் வ போய்விடும். பிடிக்க ஆளில்லாத ஈகாரச் சுழி ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். "இன்னிக்கு வ போச்சு" என்பார். கோப்பை அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வெற்றிடத்தை இவன் தட்டி வைப்பான், விழுங்குவதானால் அதை விழுங்கட்டும் என்று. அது முடியும்வரை இருவரும் பேசுவார்கள். மழையைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, அந்தப் புத்தகத்தில் அடுத்து என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. கையில் விசைப்பலகை இருப்பதால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவான். போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொறுமை இழந்து, இத்தனை பேருக்கு அச்சு சரிசெய்கிறவனுக்குச் சொந்த வீட்டுத் தப்பு பிடிபடவில்லையா என்று கேட்டேன். அவன் திரையைக் காட்டி விளக்கினான். அந்தப் பெட்டிக்குத் தானாக அச்சிடத் தெரியாது. காகிதம் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், முடிந்தவரை வரைந்து கொடு என்று நாம்தான் கேட்க வேண்டும். வரைந்துவிட்டு, அடுத்த பக்கம் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதைக் கடைசியாக வரைந்த எழுத்தின் எண் என்று நினைத்து, இவன் மேலும் ஒன்றைக் கூட்டிவிட்டான். அவ்வளவுதான்.

நான் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"இதை எடுத்துட்டா சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"அவ முதல் தடவை கூப்பிட்டப்பவே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தப்பு போய்விட்டால் அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள் என்பதுதான் அவன் பயம். தானாகக் கூப்பிடத் தைரியம் இல்லாத மனுஷனுக்கு அந்த ஒன்று மட்டும்தான் பிடிமானம்.

அடுத்த மாதமே அண்ணி கூப்பிட்டார். அவசரத்தில் நடுவில் நாலு வரி சேர்த்ததால் பக்கங்கள் நகர்ந்துவிட்டன. இவன் வைத்த வெற்றிடங்கள் எல்லாம் இடம் மாறிப் போயின. மூல ஆசிரியர் பதிப்பகத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் புள்ளி வட்டங்களைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். மென்பொருளைக் குறை சொல்லாமல், தன் கவனக்குறைவு என்று அண்ணி சொல்லிவிட்டாராம். இதை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றே அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் புதிய மென்பொருளை அனுப்பினான்.

அதோடு தொலைபேசி அடங்கியது. வாரங்கள் போயின. சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். நீயே கூப்பிடேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

நான் அவன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மாலையில் போன் ஒலித்தது. பாய்ந்து எடுத்தான். விரல் பழக்கத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டது.

"என்ன எழுத்து போச்சு?" என்றான். அவன் குரலில் இருந்த ஆவலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஒண்ணும் போகல. முழு புத்தகமும் அடிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் இருக்கு."

"அப்படியா."

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷமா எழுத்து போச்சு போச்சுன்னு நான்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இனிமே எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நீங்கதான் கூப்பிடணும்."

வைத்துவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். போனைக் கீழே வைக்காமலே அவன் அண்ணியின் எண்ணை அழுத்தினான். முதல் தடவை தவறாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினான். என்ன பேசுவது என்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை, எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.