அர்லிஸ் அழித்த சண்டை

அர்லிஸ் நியெமி எங்கள் அலுவலகத்துக்கு வருமுன் பனி அள்ளும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் வடக்கே ஏரித் துறைமுகமான எங்கள் டுலூத்தில் அந்த இயந்திரம் இல்லாத வீடு கிடையாது. கையேட்டைப் பிரித்துப் பார்த்த வீடும் கிடையாது. ஓடும்போது உள்ளே கையை விடாதீர்கள் என்பதை அவள் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தாள். ஜனங்கள் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கம்பெனி தெற்கே இடம் மாறியபோது அவள் கூடப் போகவில்லை. ஏரி இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கேட்டாளாம்.

அவளை வேலைக்கு எடுத்தது எங்கள் முதலாளி ஜோலீன். நாங்கள் செய்வது டிஜிட்டல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிரல். ஓர் இணையதளம் 'நான் இன்னார்தான்' என்று நீட்டும் அடையாள அட்டைதான் சான்றிதழ். அதற்கு இன்னொரு சான்றிதழ் ஜாமீன், அந்த ஜாமீனுக்கு வேறொன்று ஜாமீன் என்று சங்கிலியாகப் போகும். வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் எங்கள் நிரலை வாங்கித் தங்கள் சாஃப்ட்வேரில் பொருத்திக்கொள்ளும். நிரல் வரிகளுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத, மனிதருக்கு மனிதர் எழுதிவைக்கும் குறிப்புகள் உண்டு. அந்த மே மாதம் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வாங்குமுன் நிரலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஜோலீன் நேரே அர்லிஸின் மேஜைக்கு வந்தாள்.

"அர்லிஸ், நிரலைத் தொடாத. குறிப்பு மட்டும் நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கணும். கெட்ட வார்த்தை இருந்தா தூக்கிடு."

"நிறைய இருக்குமா?"

"பிப்ரவரிக் குளிர்ல எழுதினதுல கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும்."

அர்லிஸ் உற்சாகமாக இறங்கினாள். எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். 'அடுத்த வாரம் சரி செய்கிறேன்' என்று எழுதிவிட்டு வேலையையே விட்டுப் போன ஒருவரின் வாக்குறுதிகளை நீக்கினாள். ஓரிடத்தில் காட்டரிசி சூப்புக்குச் செய்முறை இருந்தது. அதை அழிக்குமுன் பிரதி எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு அந்த சூப்பே வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

பிறகு சங்கிலியைச் சரிபார்க்கும் ஃபைலுக்கு வந்தாள். அங்கே நிரல் ஒரு கைப்பிடி; குறிப்புகள் ஒரு மூட்டை. எழுதியவர்கள் இரண்டு பேர், வெர்னர் ஸ்கூக், டேல் கங்காஸ். ஜன்னலோரம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருப்பார்கள். பல வருடங்களாக வாய்ப்பேச்சு கிடையாது.

'சான்றிதழ்கள் வரிசை மாறி வந்தால் நாமே அடுக்கிக்கொள்ள வேண்டும். — வெர்னர்.'

'எதற்கு? அனுப்புகிறவன் சோம்பேறி என்றால் நாம் வேலைக்காரர்களா? — டேல்.'

'படித்தால் புரியும். — வெர்னர்.'

'சிலர் படிப்பதும் இல்லை, இரவல் வாங்கிய ஐஸ் துளைக்கும் இயந்திரத்தைத் திருப்பித் தருவதும் இல்லை. — டேல்.'

அதற்குமேல் சான்றிதழ் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் கதைதான்.

அர்லிஸ் முதலில் வெர்னரிடம் போனாள். "இதைச் சுருக்கலாமா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணும்மா. எனக்கென்ன."

டேலும் அதையே சொன்னார், தோளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குலுக்கி. எங்கள் ஊரில் இதற்கு 'தொட்டுப் பார், தெரியும்' என்று பொருள். இங்கேயே பிறந்து வளர்ந்த அர்லிஸுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் மொத்தத்தையும் அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'சான்றிதழ்கள் வரிசை மாறி வந்தாலும் நாமே அடுக்கிக்கொள்கிறோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.'

மறுநாள் காலை காபி ஆறுமுன் இரண்டு பேரும் அவள் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். சேர்ந்து.

"யாருக்கும் தெரியாதா? எனக்குத் தெரியாதா?" என்றார் வெர்னர். காது மடல் சிவந்திருந்தது.

"என்ன எழுத்தும்மா இது? படிக்கிறவன் நம்மள மடையன்னு நினைக்க மாட்டானா?" என்றார் டேல்.

அர்லிஸ் நாற்காலியைத் திருப்பினாள். "அப்போ ஏன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"பழைய ஆஸ்பத்திரி மெஷினுங்க இருக்கே, அதுங்க சங்கிலியத் தலைகீழாத்தான் அனுப்பும். இனிமே அதுங்கள மாத்தவும் முடியாது. நாம வாங்க மாட்டோம்னா, நோயாளியோட எக்ஸ்ரே டாக்டருக்குப் போகாது."

டேல் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "யோவ், இதை ஏன்யா எழுதல?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேட்டேனே! 'எதற்கு'ன்னு கொட்டை எழுத்துல கேட்டிருக்கேன்!"

"அது கேள்வியா? நக்கல்னு நினைச்சேன்."

"நக்கலும்தான். கேள்வியும்தான்."

நான் எதிர் மேஜையில் தலையைத் தூக்காமல் இருந்தேன். அர்லிஸும் சிரிக்கவில்லை, தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். டேல் குனிந்து திரையைப் பார்த்தார். "'பழைய' வேணாம். எந்த வகை மெஷின்னு எழுது." வெர்னர் மறுபக்கம் குனிந்தார். "ஆமா, அவன் சொல்றது சரி." அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததை ஜோலீனிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. இரண்டு வரிக் குறிப்புக்கு மதியச் சாப்பாடுவரை ஆனது.

அன்று துறைமுகப் பாலத்துப் பக்கம் நடந்தபோது அர்லிஸ் என்னிடம் சொன்னாள்: "பத்தொன்பது வருஷம் கையேடு எழுதினேன். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை தப்புன்னு சண்டைக்கு வந்ததில்ல. இன்னிக்கு ரெண்டு பேர் வந்தாங்க பாரு!" கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மாலுமிகளுக்குக் கை ஆட்டினாள், முகமெல்லாம் பல்.

வாடிக்கையாளரின் ஆள் வந்தார், நிரலைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். குறிப்புகளைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அர்லிஸுக்கு அதில் லேசான வருத்தம். ஜோலீன் அவளை வேலையில் நிரந்தரமாக்கி, அடுத்ததாக, கோளாறு வந்தால் நிரல் திரையில் காட்டும் பிழைச் செய்திகளைத் திருத்தக் கொடுத்தாள்.

வெர்னரும் டேலும் இப்போது நாள் முழுக்கப் பேசுகிறார்கள். நான் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. போன வாரம் 'சான்றிதழ் காலாவதி' என்பதை அர்லிஸ் 'இந்தச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது, தயவுசெய்து புதுப்பியுங்கள்' என்று மாற்றினாள். 'தயவுசெய்து' எதற்கு என்று டேல் கேட்டார். இருக்கட்டுமே என்றார் வெர்னர். வாக்குவாதம் இன்னும் நடக்கிறது.