பாரைக்குட்டியின் கண்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு பெட்டியும் உடுக்க நாலு சாரனுமாகச் சாய்ந்தமருதில் மனைவியின் தகப்பனான மாமா கட்டிக் கொடுத்த வீட்டில் போய் இறங்கினேன். வீடு மனைவிக்கு. கட்டில் மனைவிக்கு. நான் சாய்ந்திருந்து பெரிய மனிசன் போலப் பேப்பர் பார்த்த கதிரையும் மனைவிக்கு. இவ்வளவுக்கும் நடுவில் என்னுடையது என்று ஒரு பொருள் முன்மண்டபச் சுவரில் தொங்க வேண்டும் என்று எனக்கொரு பேராசை பிடித்தது. புத்தியுள்ளவன் ஒரு கலண்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பான். நான் எண்ணெய்ச் சாயத்தில் சித்திரம் வரையத் தொடங்கினேன்.

அதுவரை நான் வரைந்ததெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட இலங்கைப் படம்தான். அதையும் பிள்ளைகள் மாங்காய் என்றே அடையாளம் கண்டார்கள்.

நோன்பு மாதம், பள்ளிக்கூடம் லீவு. சும்மா இருந்தால் எனக்குக் கால் நடக்கும், கை எதையாவது பிய்க்கும். பெருநாளுக்குள் படம் சுவரில் ஏற வேண்டும் என்று முடிவு கட்டினேன். முதலில் கடலை வரையப் போனேன். ஓர் அலையாவது ஓரிடத்தில் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. ஆளை வரைய வழியில்லை. உயிருள்ளதை வரைந்து மாட்டிய வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று மாமா முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

எங்களோடேயே இருந்த மாமா மீன் வியாபாரி. கரைவலையில் வருவதை மொத்தமாக எடுத்து ஊருக்குள் அனுப்புகிறவர். நாளாந்தம் ஒரு நல்ல மீன் வீட்டுக்கு வரும். செத்த மீனில் உயிர் ஏது என்று நான் அவரிடம் மார்க்கம் பேசினேன். தாடியைத் தடவியபடி சொன்னார்:

"மீன வரைங்க மருமகன். கண்ண மட்டும் வெக்காதீங்க. நான் தொழுற இடம்."

மருதமுனையில் சாயம் போடாத கைத்தறித் துணி வாங்கிச் சட்டத்தில் இழுத்து அடித்து, சோற்றுக் கஞ்சி பூசிக் காயவைத்தேன். சாயக் குழாய்கள் கொழும்பிலிருந்து வந்தன. அவற்றோடு ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் வந்தது. அது சாயத்தைக் குழைக்க ஏதோ ஒரு விதை எண்ணெய் சொன்னது. அதைத் தேடிக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போக எனக்குப் பொறுமையில்லை. கடற்கரையில் தோணிகளுக்குப் பூசும் சுறா எண்ணெய் ஒரு போத்தல் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் கிடக்கும் பலகையையே காக்கிற எண்ணெய், சுவரில் கிடக்கும் துணியைக் காக்காதா என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். வீடு முழுக்க நாறியது. நோன்பு வயிற்றோடு அதை மணந்துகொண்டு மீனைப் பார்த்திருப்பதற்குத் தனி நன்மை உண்டென்று மனைவி சொன்னாள்.

வந்த பாரைக்குட்டியை வெள்ளை மீன் என்று நினைத்தே உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க அதில் வெள்ளையைத் தவிர எல்லாம் இருந்தது. முதுகில் பச்சை, விலாவில் ஊதா, வயிற்றோரம் வெற்றிலை போட்ட வாயைப் போல ஒரு சிவப்பு. அந்த வயதுவரை நான் மீனைப் பார்த்ததேயில்லை, தின்றுதான் இருக்கிறேன் என்று விளங்கியது. நிழலுக்குக் கறுப்பைப் பூசினால் மீன் கருகிப்போகும். நீலமும் மண்ணிறமும் கலந்தால்தான் அது வெட்டுப் பலகையில் கிடப்பதுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று பாரைக்குட்டிகள் குழம்பாகிவிட்டன. எனக்கு முன் வராத மாமி, திரைக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொல்லியனுப்புவார்: மீன் இளகுது, உன்ட மனிசன் படிச்சு முடிஞ்சா வெட்டத் தரச் சொல்லு.

எல்லாம் வந்தது. ஆனால் கண் இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பலாய்க் கிடக்க, மீன் அறுந்த செருப்புப் போலிருந்தது. ஒருநாள் பின்னேரம் பொறுக்க முடியாமல், கறுப்பில் ஒரு வட்டமும் அதற்குள் வெள்ளையில் ஒரு பொட்டும் வைத்தேன். மீன் என்னைப் பார்த்தது. பள்ளிவாசலுக்கு ஓடி நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் கண் இல்லை. துடைத்த அடையாளம் மட்டும் இருந்தது.

எனக்கு முன் வீட்டுக்கு வந்தவர் மாமா. அவர்தான் துடைத்திருக்கிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். மறுநாளும் வைத்தேன். மறுநாளும் இல்லை. தொழுகையில் நின்றாலும் என் மனம் மண்டபத்தில்தான் நின்றது. கடைசியில் கஞ்சி குடிக்கும்போது, சில பேர் வாயால் சொல்லாமல் விரலால் சொல்கிறார்கள் என்று மாமாவின் காதிலும் விழும்படி மனைவியிடம் சொன்னேன். மாமா இன்னொரு கோப்பை கஞ்சி ஊற்றிக்கொண்டார்.

"மச்சான், வாப்பாவையா சொல்றீங்க?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். நான் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனேன்.

அடுத்த பின்னேரம் கண்ணை வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே ஈச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தேன். திரைக்குப் பின் மாமி நிற்கிற மாதிரி நானும் நின்றேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. படம் சாத்தியிருந்த கதிரையில் ஏறியது. புதிதாய்ப் பூசிய சுறா எண்ணெயை முகர்ந்து, கண்ணை நக்கி எடுத்தது. சித்திரம் அவ்வளவு உண்மையாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் நான் பூரித்துப்போய் நின்றதையும் எழுதத்தான் வேண்டும்.

பள்ளியால் வந்த மாமாவிடம் சொன்னேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"வழக்குப் போட்டவர் ஒரு ஆள், தீர்ப்புச் சொன்னது பூன. கண்ணில்லாமலே மாட்டுங்க."

பெருநாளன்று கண்ணில்லாமலே மாட்டினேன். முழுதாகக் காயவும் இல்லை. பாலமுனையிலிருந்து மாமாவின் கூட்டாளி, இன்னொரு மீன் வியாபாரி, வந்தார். வட்டிலப்பம் தின்றபடி சுவரைப் பார்த்தார். எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"காக்கா," என்று மாமாவை அண்ணன் முறையில் கூப்பிட்டார். "இது எப்பத்த மீன்?"

மாமா விளங்காமல் பார்த்தார்.

"கண் போய்க் கிடக்கே. உங்கட ஊட்டுச் சுவரில பழுதான மீனா?"

மாமா சிரிக்க முயன்றார், வரவில்லை. கடற்கரை மீன் வாடியில் நின்று, 'கண்ணப் பாத்து வாங்குங்க' என்று காலமெல்லாம் கூவி விற்ற மனிதர். கூட்டாளி கை கழுவப் பின்பக்கம் போனதும் என்னிடம் வந்தார்.

"மருமகன், அந்தக் கண்ண வைங்க."

"தொழுற இடம் எண்டீங்களே மாமா."

"தொழ உள்ளுக்கு அறை இரிக்கி. பழுதான மீன் விக்கிறன் எண்டு பேர் எடுத்தா நான் எங்க போற?"

பெருநாள் சட்டையோடு படத்தை இறக்கிவைத்துத் தூரிகை எடுத்தேன். மாமா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, கறுப்புக் காணாது, மினுக்கம் கொஞ்சம் மேலே வரட்டும், இது நேற்றைய மீன், இன்னும் புதுசாக வேணும் என்று என்னை நெருக்கினார். திருப்தி வந்ததும், பூனைக்கு எட்டாத உயரத்தில் தானே ஆணியடித்துத் தூக்கி மாட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டை முன்பக்கத்தில் பாதிச் செதில்கள் வந்துவிட்டன. அதை அவர் கவனிக்கவில்லை.

கிணற்றடியில் வந்தவர்களோடு கதைத்து முடித்துக் கூட்டாளி திரும்பி வந்தார்.

"நம்மட வாடிப் பாரை," என்றார் மாமா. "இண்டைக்குக் காலத்தால வலையில பட்டது."

நான் இன்னொரு துண்டு வட்டிலப்பம் எடுத்துவர உள்ளே போனேன்.