தேங்காய் உடைத்தவள்

அந்தப் போட்டோவை நான் இன்னும் அழிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஆனாலும் வைத்திருக்கிறேன். ஆள் உயரத்துக்குக் கறுப்பு இரும்பு அலமாரி ஒன்று. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். முன்னால் இரண்டு கையிலும் தேங்காய் மூடிகளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். உனக்கு என்னடி சிரிப்பு வேண்டிக் கிடக்கு என்று கேட்கத் தோன்றும்.

எங்கள் கம்பெனிக்கு நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் இருந்தன. ஆபீஸ் சுங்கை காடுட்டில். நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தேன். நிலப் பத்திரங்கள், சம்பளக் கணக்கு, ஆலைக்கு வரும் லாரிகளின் எடைக் கணக்கு, டிரோன் எடுத்த படங்கள் என்று எல்லாவற்றையும் பல வருஷத்துக்குப் பாதுகாக்க ஒரு மாபெரும் சேமிப்பு முறை வாங்குவதென்று முடிவானது. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

"இதை நல்லா முடிச்சிட்டேன்னா உன்னை நிரந்தரமாக்கிடுவாங்க லா," என்றார் மேலாளர்.

எனக்கு அது போதும். நிரந்தர வேலை கிடைத்தால் பேங்கில் வீட்டுக்கடன் கொடுப்பார்கள். லோபாக்கில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். அவளைக் கூட்டிவர வேறு இடம் இல்லை.

மேலாளரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கோலா பிலா பக்கம் இரண்டு பேருக்கும் ஒரே தோட்டம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எங்கள் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு அந்தப் பக்கம் போகாத நாள் குறைவு. இந்த வேலைக்கு என்னைச் சொல்லிவிட்டதும் அவர்தான்.

வந்த விற்பனைக்காரர்களை எல்லாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். இணையத்தில் வாடகைக்கு இடம் எடுக்கலாம். ஹார்ட் டிஸ்குகளை அடுக்கிய அலமாரி வாங்கலாம். இல்லாவிட்டால் பழைய கேசட் மாதிரி காந்த நாடாவில் பதிந்து வைக்கும் டேப். டேப் என்றதும் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன! எப்போதாவது ஒரு தடவை எடுத்துப் பார்க்கிற கணக்குக்கு வேகம் எதற்கு? டேப்பை உருவி எடுத்து வேறு ஊரில் பூட்டி வைக்கலாம். எங்கள் பக்கம் மத்தியானமானால் இடி. தோட்டத்து ஆபீஸ்களில் கருகிப்போன மோடங்களை நானே எத்தனை தூக்கிப் போட்டிருக்கிறேன்! கடன் வாங்கி வந்த ஒரு டேப் எந்திரத்தில் வாரக்கணக்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றே. ஆனா ரிப்போர்ட்டுல டேப்புன்னு எழுதாத, தங்கச்சி. பழைய சாமான்னு மேல சிரிப்பாங்க. மூணையும் பத்தி எழுதிக் குடு, மத்ததை நான் வாயால பேசிக்கிறேன். நமக்குள்ள என்னா எழுத்து?"

தங்கச்சி என்று கூப்பிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது போலிருக்கிறது. அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

வந்து இறங்கியது டிஸ்க் அலமாரி.

"மேல முடிவு பண்ணிட்டாங்க, நான் என்னா பண்றது?" என்றார்.

"அப்ப ரெண்டாவது காப்பியாவது வேற கட்டடத்துல வைங்கண்ணே. அசலும் நகலும் ஒரே பொட்டிக்குள்ள இருக்கு."

"அடுத்த வருஷம் பாக்கலாம்லா."

பூசை வைத்ததும் அவர்தான். எங்கள் தோட்டத்தில் புது லாரி வந்தால், அது யார் பொறுப்பில் ஓடப்போகிறதோ அவர்தான் தேங்காய் உடைப்பார். வேலையை மேற்பார்க்கும் மண்டோரே பக்கத்தில் நின்றாலும் கை வைக்க மாட்டார். அலமாரிக்கு முன்னால் அண்ணன் தேங்காயை என் கையில் கொடுத்து, "உன் உழைப்புலா இது, நீதான் உடைக்கணும்" என்றார். என்னை மதிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, வெட்கக்கேடு. அவர்தான் போட்டோ எடுத்தார்.

ஹரி ராயா பெருநாள் விடுமுறையில் ஆபீஸ் மேல் இடி விழுந்தது. திறந்து பார்த்தபோது அறை முழுக்கக் கருகிய வாடை. அசல், நகல், இரண்டும் போய்விட்டன. காகிதங்களை ஸ்கேன் செய்து முடித்து ஏற்கெனவே எரித்திருந்தார்கள்.

விசாரணையில் டைரக்டர், யார் இதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். அண்ணன் தன் போனில் அந்தப் போட்டோவைத் திறந்து மேசையில் வைத்தார். பிறகு மலாய் மொழியில், பொறுமையாக, எங்கள் தோட்டத்துப் பழக்கத்தை அவருக்கு விளக்கினார். யார் பொறுப்போ அவர்தான் உடைப்பார், வேறு யாரையும் உடைக்க விடமாட்டோம் என்றார். பொய் சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அவர் சொன்ன பழக்கம் அத்தனையும் உண்மை.

"நான் டேப்புதான் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே," என்றேன்.

"எப்ப கேட்டே? எழுதிக் குடுத்தியா?" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. லோபாக் வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அந்த வீடு இருக்கும் தெருவுக்குப் பக்கத்துக் கடையில்தான் இப்போது லேப்டாப் பழுது பார்க்கிறேன். அம்மா கோலா பிலாவில் அக்கா வீட்டு ஹாலில் படுக்கிறாள். அந்தப் பையன் நல்லா இருக்கானா என்று இன்னும் அண்ணனைப் பற்றி விசாரிப்பாள். இருக்கார்மா என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் அவரிடமிருந்தே போன் வந்தது. ஒன்றும் நடக்காததுபோல் அதே குரல்.

"தங்கச்சி, சாப்பிட்டியா? டேப் எந்திரம் வாங்கியாச்சுலா. நீ அன்னிக்கு சோதிச்சியே, அந்த செட்டிங் எல்லாம் ஞாபகம் இருக்கா?"

அப்படியென்றால் நான் டேப் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

"பூசை போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை."

"இந்தத் தடவை தேங்காயை நீங்களே உடைங்கண்ணே."

"சேச்சே, நான் எதுக்கு? உன் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. நம்ம பக்கத்துத் தோட்டந்தான், பாவம், நல்ல பொண்ணு. அது உடைக்கும்."

அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.