தொண்டையில் இறங்கிய கசப்பு

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடின. ஒரு நாள் என் மனைவி பார்த்துக்கொண்டிருந்த தறியில் ஓரத்துப் பாவு இழைகள் அறுந்து, முழக்கணக்கில் துணி பாழானது.

"கண்ணை எங்க அம்மணி வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

"உங்க மூஞ்சி மேலதானுங்க. அதுனாலதான் வேறெதுவும் தெரியறதில்லை" என்றாள். கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

கோவை ஆர்.எஸ்.புரத்துக் கண் மருத்துவர் பரிசோதித்த அன்று அந்தச் சிரிப்பு போனது. இடது கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டதாம். வலது கண்ணைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றார்.

"கண்ணுக்குள்ள எந்நேரமும் ஒரு நீர் ஊறிட்டே இருக்குமுங்க. கருவிழி ஓரத்துல சல்லடையாட்டம் ஒரு சதை இருக்குது. அது வழியாத்தான் வடியோணும். இவங்களுக்கு அந்தச் சதை கெட்டியாகி, துளையெல்லாம் அடைஞ்சுட்டு வருது. நீர் வடியாம அழுத்தம் ஏறி, பின்னால இருக்கற நரம்பை நசுக்குது."

"நல்லா அழுதா வடிஞ்சிருமுங்களா?" என்று கேட்டாள் இவள்.

"அது வேற தண்ணிங்கம்மா. காலைலயும் ராத்திரியும் இந்தச் சொட்டு மருந்தை விடுங்க. வலியே இருக்காது. வலிக்கலைன்னு மட்டும் நிறுத்திராதீங்க."

வருடாவருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் நாங்கள். அந்த வருடம் அவளுடைய வலது கண்ணுக்காகவே வேண்டிக்கொண்டு, இருவரும் மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினோம். முதல் நாள் காலை குளித்துவந்து சொட்டு விட்டவள், "மருந்து தொண்டைல எறங்கிக் கசக்குதுங்க" என்றாள்.

கண்ணில் விட்டது மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. பூசை முடியாமல் பச்சைத் தண்ணீரும் தொண்டையில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"வெரதம் கெட்டுப்போயிரும். நிறுத்திப்போடு" என்றேன்.

"ராத்திரி சோறு உண்டதுக்கப்புறம் மட்டும் உட்டுக்கட்டுங்களா?"

"இருந்தா முழுசா இருக்கோணும். முருகன் பாத்துக்குவான்."

"சரிங்க" என்றாள். மருந்தைச் சாமி படத்துக்கு அடியில் நானேதான் வைத்தேன்.

பழனியில் தரிசனம் முடிந்து இறங்கும்போது, படி தெரியாமல் அவள் இரண்டு முறை தடுமாறினாள். ஊர் திரும்பிய மறுநாளே மருத்துவரிடம் ஓடினோம். அழுத்தத்தை அளந்தவர், "மருந்து விட்டீங்களா, இல்லையா?" என்றார்.

"நடுவுல மறந்துபோட்டேனுங்க" என்றாள் அவள்.

அவர் அவளைத் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. நீர் வடிய வேறு வழி உண்டாக்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். மிஞ்சியது நேர் எதிரே மட்டும் தெரியும், குழாய் வழியே பார்ப்பதுபோன்ற பார்வை.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று வீட்டில் கேட்டேன்.

"நெசத்தைச் சொன்னா சாமியைக் குத்தம் சொன்னாப்பல ஆயிருமுங்க. உங்களையும் டாக்டரு வெய்வாரு."

அடுத்த முறை போனபோது நானே மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள்தான் தப்புச் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

முருகன் என்னை மன்னித்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளிடம்தான் இன்னும் கேட்கவில்லை.