எட்டு ஜோடிச் செருப்பு

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எச்.ஐ.வி. பற்றி மக்களிடம் பேச உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்த பயிற்சி உண்மையிலேயே நடந்ததா என்று மதிப்பிடும் வேலையை, சென்னை அலுவலகம் ஒன்று ஆறு நாளைக்கு எனக்குக் கொடுத்திருந்தது. நாளைக்கு நானூறு ரூபாய். இது ஐந்தாவது அமைப்பு. போன மாத வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்று கையெழுத்து. தேநீர் ரசீதிலோ முப்பத்தொன்று. திருட்டைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அமைப்பின் செயலாளர், பட்டு நூல் சுற்றிப் பிழைத்து, பிறகு இந்த வேலைக்கு வந்த அம்மாள். ரசீதை நீட்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு பேர் கையெழுத்து போட மாட்டாங்க சார். அவங்களுக்கே அந்த நோவு இருக்குது. மத்தவங்களுக்குத் தைரியம் சொல்லக் கத்துக்க வராங்க, அதுவும் பயந்துக்கினு. பேர் வெளிய தெரிஞ்சா நாளைக்கே முதலாளி தறிக்குப் பாவு நூல் குடுக்கறத நிறுத்திடுவாரு. தறி சும்மா கெடக்கும்."

"ஆளைப் பாக்காம நான் எப்படிம்மா எழுதறது?"

"இன்னிக்கும் எட்டு பேரும் மாடியிலதான் இருக்காங்க. உள்ள மட்டும் போவாதீங்க. வாசல்ல செருப்ப எண்ணிக்கோங்க. செருப்புக்கு ஏது சார் பேரு?"

எட்டு ஜோடி. மறுபடி எண்ணினேன், எட்டு. மூன்றாம் முறை எண்ணும்போதுதான் சுவரோரம் கிடந்த தோல் செருப்பைக் கவனித்தேன். இடது வார் அறுந்து, அரக்குப் பட்டு நூலில் நான்கு தையல். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அந்த நான்கு தையலையும் போட்டவர், என் பின்கட்டில் குடியிருந்த நெசவாளர்.

மளமளவென்று படியிறங்கினேன். வெள்ளைப் பெயின்டில் என் பெயர் எழுதிய குடையை அந்தக் கதவருகிலேயே சாய்த்துவைத்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகத் துணிவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தொடுவதாலோ தண்ணீராலோ அது பரவாது என்று ஐந்து அமைப்புகளிலும் அட்டை மாட்டியிருந்தார்கள்; ஐந்தையும் படித்துச் சரி என்று குறியிட்டவன் நான். அப்படியும் கழுவினேன், மூன்று முறை.

மறுநாள் காலை தண்ணீர் வரும் நேரத்தில் அவர் என் குடையோடு வந்தார். கையில் கொடுக்காமல் சுவரில் சாய்த்துவைத்தார்.

"வீட்ட காலி பண்ணிடட்டுமா சார்?"

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே என் பேத்திகள் இருவரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தறியில் பாதி நெய்த புடவை. பாவு கொடுக்கும் முதலாளி எங்கள் தெருக்கோடியில்தான் இருந்தார். நான் வாயைத் திறந்தால் போதும். குடித்தனத்துக்குப் பன்னிரண்டு குடம் என்று விதி போட்டு, அதற்காகத் தினமும் அவரோடு சண்டை பிடித்தவன் நான். அன்றும் அவர் நிரப்பிய குடங்களை எண்ணினேன், ஏழு.

"உனக்கு இன்னும் அஞ்சு குடம் பாக்கி இருக்குது. தண்ணி நின்னுடப் போவுது, புடிப்பா" என்றேன்.

அவர் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தார்.

அறிக்கையில் முப்பத்தொன்று என்றே எழுதினேன். எட்டுப் பேரின் பெயரும் விலாசமும் கேட்டு அலுவலகம் மூன்று கடிதம் போட்டது. எண்ணிப் பார்த்தேன் என்று மட்டும் மூன்றுக்கும் பதில் எழுதினேன். அறிக்கை முழுமையில்லை என்று என் சம்பளத்தை நிறுத்தினார்கள். எட்டுத் தேநீருக்கான காசையும் தர மறுத்தார்கள். அந்தத் தேநீர்க் காசைச் செயலாளர் அம்மாளிடம் நானே கொடுத்தேன்.

நெசவாளர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நெய்துகொண்டு, பல வருடம் என் பின்கட்டிலேயே இருந்தார். பிறகு மகனோடு வேறு ஊருக்குப் போனார். நோயின் பெயரை நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. போன மாதம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"என் பேரு வேணாம் சார். செருப்பப் பத்தி எழுதிக்கோங்க" என்று சிரித்தார்.

இப்போது வாசலில் என் ஒரு ஜோடிதான் கிடக்கிறது. அதையும் எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.

ஆறு நாள் சம்பளம் இரண்டாயிரத்து நானூறு, எட்டுத் தேநீருக்குப் பதினாறு. ஆக மொத்தம் என் கையை விட்டுப் போனது இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய்.