கிளிமூக்கு மணம்

மாம்பழக் காலம் வந்தால் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு நான்தான் கேலிப்பொருள். அவர்கள் பங்கனப்பள்ளியை நறுக்கி டப்பாவில் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் கிளிமூக்கைத் தேடுவேன். கூழுக்குப் போகிற பழத்தை யாராவது ஆசையாகத் தின்பார்களா என்பார்கள். என் நாக்கு அப்படி என்று சொல்லிவைப்பேன். நாக்குக்கு இதில் பெரிய பங்கில்லை என்பது போன கோடையில் நைனா சொல்லித்தான் தெரிந்தது.

இது நடந்தபோது எனக்கு நாலு வயது. சித்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சீசனில் அம்மா மாங்கூழ் ஃபேக்டரிக்குப் பழம் நறுக்கப் போவாள். மாலையில் வேனிலிருந்து இறங்கி வந்ததும் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் கையில் கிளிமூக்கு மணம் போகாது.

அந்த வருஷம் சீசன் நடுவில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை கண்டு, திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சித்தி துணைக்குப் போனாள். வீட்டில் நானும் நைனாவும்தான். அவர் ஊட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினார், கதை சொன்னார், அதட்டியும் பார்த்தார். நான் அம்மாவின் வேலைச் சேலையில் முகம் புதைத்துக் கிடந்தேனாம். அந்தச் சேலையை எடுத்து முகர்ந்த பிறகுதான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது. தோப்பிலிருந்து பழுத்த கிளிமூக்கு ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார்.

“கண்ண மூடிக்கினு வாயத் தொற பாப்பா. அம்மா கைதான் இது.”

தின்றேன். பிறகு தினமும் அப்படித்தான். சீக்கிரமே கண்ணை மூடுவதையும் விட்டுவிட்டேன். மணம் இருந்தால் போதும்.

அம்மா திரும்பி வந்த நாள் எனக்கே நினைவிருக்கிறது. மெலிந்து வேறு யாரோ போலிருந்தாள். வந்ததும் வராததுமாக என்னை மடியில் இழுத்து வைத்துச் சோறு பிசைந்தாள். கையில் மருந்து வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அம்மா வந்துட்டேன்டீ. துன்னு.”

“இது அம்மா கை இல்ல” என்று சொல்லிவிட்டு நைனாவிடம் ஓடினேன்.

நைனா தன் கையைப் பின்னால் மறைத்தார். அம்மா அதைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவுவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போனாள்.

நான் வயிறாரத் தின்றேன். தொட்டியிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முகத்தைக் கழுவ இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.